நிமிடத்துக்கு எத்தனை மூச்சு?

(சுருளிப்பட்டியில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு தட்டு நிறையப் பன்னீர் திராட்சை கொண்டுவந்து வைத்தார்கள். நான் ஒரு கொத்தைக் கையில் எடுத்ததும், பேரனை மடியில் வைத்திருந்த ஆத்தா ஒருவர், "டாக்டரய்யா, பொழுது சாஞ்ச நேரம், சளி பிடிச்சுக்கிடும்" என்றார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் இது. விளைவிக்கிற ஊரே அதன் மேல் இப்படிப் பழி போட்டால் வாங்குகிறவன் என்ன செய்வான்? நான் கொத்தை முழுசாகத் தின்றுவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன்.

பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று வருகிறவர்கள் சொல்லும் காரணங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் பெரிய புத்தகமே போட்டிருக்கலாம். திராட்சை, இளநீர், கொய்யா, தலைக்கு ஊற்றியது, சுருளித் தீர்த்தத்தில் நனைந்தது, மேகமலைப் பனி, தாய் தயிர் சாப்பிட்டது, கண்ணேறு. இதில் எதுவும் நுரையீரலுக்குள் சீழைக் கொண்டுபோய் வைப்பதில்லை. வைப்பது கிருமி. அந்தக் கிருமி பெரும்பாலும் இன்னொரு மனிதரின் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வருகிறது. அப்படியானால் சாரல் காலத்தில் ஏன் கூடுதலாக வருகிறது என்று கேட்பீர்கள். சாரல் அடித்தால் ஜன்னலைச் சாத்துகிறோம். ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிறோம். விடியுமுன் கம்பம்மெட்டு ஏறுகிற ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து, தார்ப்பாயையும் இழுத்து மூடிக்கொள்கிறோம். ஒருவர் இருமினால் போதாதா?

இன்று நான் பேச வந்தது கீழ்ச் சுவாசத்தொற்று பற்றி. குரல்வளைக்கு மேலே நடப்பதெல்லாம் மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு. பெரும்பாலும் வைரஸ் வேலை. தானாக வந்து தானாகப் போகும். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய், அதன் கிளைகள், கிளைகளின் கிளைகள். அங்கே தொற்று இறங்கினால் கதை வேறு.

நுரையீரலை இந்த ஊரில் விளக்குவது எனக்குச் சுலபம். பந்தலில் கவிழ்ந்து தொங்குகிற கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டு பிரிந்து பிரிந்து, கடைசியில் காம்பு, காம்பு நுனியில் பழக்கொத்து. நுரையீரலின் கடைசிக் கிளைகளில் தொங்கும் காற்றுப்பைக் கொத்துக்கு மருத்துவ நூல்களில் அசினஸ் என்று பெயர். லத்தீனில் அந்தச் சொல்லுக்கே திராட்சைப் பழம் என்றுதான் பொருள். நம் நெஞ்சுக்குள் அப்படிக் கோடிக்கணக்கான பழங்கள். பழத்துக்குள் சாறு இல்லை, காற்று இருக்கிறது. அதன் தோலைச் சுற்றி ஓடும் ரத்தம் அங்கேதான் பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது.

கிருமி இறங்கி, பழத்துக்குள் காற்றுக்குப் பதில் நீரும் சீழும் நிறைந்தால் அது நிமோனியா. பழம் நன்றாகவே இருந்து, காம்பு வீங்கி அடைத்துக்கொண்டால், அதுவும் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வந்தால், அது மூச்சுச்சிறுகுழல் அழற்சி. ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் அதற்கு முதல் காரணம். மூச்சு விடும்போது விசிலடிக்கிற மாதிரி சத்தம் வரும். அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. பெரிய தண்டில் அழற்சி வந்தால் பிராங்கைட்டிஸ், நாள்பட்ட இருமல். இந்த மூன்றையும் நம் ஊரில் ஒரே வார்த்தையில் 'நெஞ்சுச் சளி' என்று முடித்துவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் முதன்மையானது நிமோகாக்கஸ். அடுத்து ஹிப். தட்டம்மை வந்து போன பிள்ளைக்கும், எடை குறைந்த பிள்ளைக்கும், தாய்ப்பால் சரியாகக் கிடைக்காத பிள்ளைக்கும் எந்தக் கிருமியானாலும் சுலபமாக இறங்கும். 2019இல் மட்டும் உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவில் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அந்த வயதில் நடக்கும் மரணங்களில் 14 சதவீதம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்டரிடம் குழாய் இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது. நுரையீரலைத் தட்டிப் பார்த்தும் சொல்லலாம். ஆஸ்திரியாவில் ஆவன்புருக்கர் என்ற மருத்துவர் 1761இல் நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் முறையை எழுதி வெளியிட்டார். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாயைத் தட்டி, எதுவரை நிறைந்திருக்கிறது என்று பார்ப்பதைச் சிறுவயதில் கவனித்ததுதான் அவருக்குக் கைகொடுத்தது என்று சொல்வார்கள். நீங்கள் இளநீரைத் தட்டி, பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதும் அதே வித்தைதான். ஆனால் இதெல்லாம் டாக்டர் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு. ராத்திரி பதினோரு மணிக்கு, பிள்ளை இருமிக்கொண்டிருக்கும்போது, இப்போதே கம்பத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டுமா, விடியட்டும் என்று இருக்கலாமா? இதை முடிவு செய்யப்போவது நானில்லை. அந்தப் பிள்ளையின் தாய் அல்லது பாட்டி.

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் நம் வேலூர்க்காரர்கள் முக்கியமானவர்கள். அவர்களுக்குச் சில ஆண்டு முன்னால், பப்புவா நியூகினி மலைநாட்டில் ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர், இருமலோடு வரும் பிள்ளைகளில் யாருக்கு நிமோனியா என்பதை மூச்சின் வேகத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்று காட்டியிருந்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான், எரிக் சிமோஸ் முதலியோர் அதை நம் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்து, 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை நிமிடத்துக்கு 50க்கு மேல் மூச்சு விட்டாலும், ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை 40க்கு மேல் விட்டாலும், அது கீழ்ச் சுவாசத்தொற்றின் நம்பகமான அடையாளம் என்றார்கள். எனக்கு அந்தக் கட்டுரையில் ரொம்பப் பிடித்த இடம் வேறு. "பிள்ளை வெரசா மூச்சு விடுது" என்று தாய் சொல்வதையும் ஓர் அடையாளமாக எடுத்துச் சோதித்தார்கள். அதுவும் நம்பத்தக்கதுதான் என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் அம்மா சொல்வதை லான்செட்டில் அச்சேற்றிய சம்பவம் அது. இருமல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது, சளி என்ன நிறம், காய்ச்சல் எவ்வளவு என்பவை அந்த அளவுக்கு உதவுவதில்லை.

ஏன் மூச்சு வேகமாகிறது? சீழ் கட்டிய பழம் விறைத்துப்போகிறது. ஆழமாக இழுக்க முடியாது. அதனால் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி இழுக்கிறது. கையளவு பாத்திரத்தால் அண்டாவை நிரப்பச் சொன்னால் நாம் கையை வேகமாக ஆட்டுவோம் இல்லையா, அதுதான். இன்னும் முற்றினால் நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கும். மூக்குத் துவாரம் விரியும். பிள்ளை முனகும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள், கணக்குச் சொல்கிறேன். பிறந்து 2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தை: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம். 2 மாதம் முதல் ஒரு வயது முடியும்வரை: 50. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை: 40. உலகம் முழுக்கக் கிராமச் செவிலியர்கள் வைத்திருக்கும் கணக்கு இதுதான்.

எண்ணுவதற்கும் முறை இருக்கிறது. பிள்ளை அழும்போது, பால் குடிக்கும்போது, ஓடிவிட்டு வந்தவுடன் எண்ணக்கூடாது. காய்ச்சல் கொதிக்கும்போது எண்ணினால் கூடத்தான் காட்டும். பாராசிட்டமால் கொடுத்து, சூடு தணிந்ததும் இன்னொரு தரம் எண்ணுங்கள். மடியில் சும்மா கிடக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறுவதைப் பாருங்கள். ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் சேர்ந்து ஒன்று. முழு நிமிடமும் எண்ணவேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சின்னக் குழந்தைக்கு ஆகாது. அதுகள் கொஞ்ச நேரம் வேகமாக விட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி நிறுத்தி விடும். செல்போனில் நிமிடம் ஓடவிட்டால் போதும்.

"எண்ணத் தெரியாதவர்கள் என்ன செய்வது?" என்று ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற காட்டு மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி இதே கேள்வியைச் சந்தித்தார்கள். மணற்கடிகாரத்தையும் மணிச்சட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு சாதனம் செய்தார்கள். மணல் விழுந்து முடிவதற்குள், பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ளவேண்டும். எல்லைக்கோட்டு மணியைத் தாண்டினால் நோய். எழுதப் படிக்கத் தெரியாத பேறுகாலப் பாட்டிமார்கள்கூட இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் கையிலேயே மருந்தும் கொடுக்கப்பட்டது. அந்தக் கிராமங்களில் நிமோனியாச் சாவு, பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. 1990இல் அதுவும் லான்செட்டில் வந்தது. டாக்டர் யாரும் குடியிருக்காத கிராமங்களில் நடந்த காரியம் இது.

எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், பால் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம், நெஞ்சு உள்வாங்குகிறது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை என்றால் வேகமூச்சு ஒன்று போதும், நேரே ஆஸ்பத்திரி. கம்பத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே சமாளிக்க முடியாததை கானாவிலக்கு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள்.

அங்கே என்ன செய்வார்கள்? விரலில் ஒரு கிளிப்பை மாட்டி ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்ப்பார்கள். கொரோனா புண்ணியத்தில் அது இப்போது எல்லோருக்கும் தெரியும். நிலைமை சுமாராக இருந்தால் அமாக்ஸிசிலின் வாய்வழி, ஐந்து நாள், வீட்டிலேயே. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பழைய, மலிவான மருந்துதான் முதல் மருந்து. மோசமாக இருந்தால் நரம்பில் ஊசியும் பிராணவாயுவும். இதில் பிராணவாயுவை நம்மவர்கள் பார்த்தால் பயப்படுகிறார்கள். "ஆக்ஸிஜன் வச்சுட்டாங்க, அவ்வளவுதான்" என்று அழ ஆரம்பித்துவிடுவார்கள். அது கடைசி மரியாதை இல்லை, மருந்து. வங்கதேசத்தில், டாக்காவில் முகமது ஜொபாயர் சிஸ்தி என்ற மருத்துவர், காலி ஷாம்பூ பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, பிராணவாயுக் குழாயின் மறுமுனையை அதற்குள் விட்டு, குமிழி வழியாக அழுத்தம் கொடுக்கும் முறையைச் செய்து காட்டினார். வென்டிலேட்டர் வாங்க வசதியில்லாத ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இனி, செய்யக்கூடாததைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

பல வருஷத்துக்கு முன்னால் மூன்று மாதக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஊரையும் சொல்லமாட்டேன், பேரையும் சொல்லமாட்டேன். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை. எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் பாட்டியிடம் நயமாகப் பேசியபோதுதான் தெரிந்தது: குளிப்பாட்டும்போதெல்லாம் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதியிருக்கிறார்கள். எண்ணெய் நேரே நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கிருமி இல்லாத நிமோனியா. அந்தக் குழந்தை பிழைத்தது, ஆனால் மாதக்கணக்காயிற்று. பாட்டியை நான் திட்டவில்லை. அவருக்கு அவருடைய அம்மா செய்ததை அவர் செய்தார். மூக்கில் எண்ணெய் வேண்டாம், வாயில் ஊதவேண்டாம், கற்பூரத்தைக் கரைத்து உள்ளுக்குக் கொடுக்கவேண்டாம். கற்பூரம் வலிப்பை இழுத்துவிடும். பிராந்திச் சொட்டும் வேண்டாம். ஒரு வயது தாண்டியிருந்தால் தேன் கொடுங்கள். தூதுவளை ரசம் வையுங்கள். எனக்கும் ஒரு தம்ளர் கொடுங்கள்.

இருமல் சிரப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 2025இல் மத்தியப் பிரதேசத்து சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். குடித்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அந்தப் பாட்டில் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நஞ்சு கலக்காத சிரப்பே சின்னப் பிள்ளைகளின் இருமலுக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை என்பதுதான் இதில் கூடுதல் கொடுமை. அதேபோல ஒவ்வொரு சளிக்கும் "ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்பதை நிறுத்துங்கள். கேட்கிறவர்கள் இருக்கும்வரை போடுகிறவர்களும் இருப்பார்கள்.

தடுப்பூசியில் தமிழ்நாடு முன்வரிசை. ஹிப் கிருமிக்கு எதிரான பென்டாவேலன்ட் ஊசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். நிமோகாக்கஸ் ஊசி 2021இல் இங்கே வந்தது. 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம், மூன்றும் இலவசம். ஒன்பதாம் மாத ஊசியைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அதற்குள் பிள்ளை தவழ ஆரம்பித்திருக்கும், அம்மாவும் ஏலத்தோட்டத்து வேலைக்குத் திரும்பியிருப்பார்.

விறகுப் புகையைப் பற்றி நானும் ஒரு காலத்தில் அடித்துப் பேசியிருக்கிறேன்: கேஸ் அடுப்பு வந்தால் பிள்ளைகளுக்கு நிமோனியா குறைந்துவிடும் என்று. இந்தியா, குவாட்டமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில், நம் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும் சேர்த்து, சுமார் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு கேஸ் கொடுத்தார்கள். புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2024இல் முடிவு வந்தபோது, குழந்தைகளின் கடும் நிமோனியாவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கேஸ் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அம்மாவின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் அது நல்லதுதான். ஆனால் அடுப்பை மாற்றியாயிற்று, ஊசி வேண்டாம் என்று யாரும் இருந்துவிட முடியாது. என் பழைய பேச்சைத் திருத்திக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு வருகிறேன். சர்க்கரை இருப்பவர், பீடி குடிப்பவர், வாதம் வந்து படுத்திருப்பவர் ஆகியோருக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமல்கூட வரும். நேற்றுவரை தெளிவாகப் பேசிய தாத்தா இன்று உளறுகிறார், சாப்பாடு வேண்டாம் என்கிறார் என்றால் மூச்சை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 30 என்பது ஆபத்துக்கோடு. படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் கிடத்திவைத்தே கஞ்சி ஊற்றாதீர்கள். அது புரையேறி நுரையீரலுக்குத்தான் போகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. காசநோயும் கீழ்ச் சுவாசத்தொற்றுதான், மெதுவாக வேலை செய்வது. ஒரு காலத்தில் இதற்காக மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கவேண்டும். நம் பக்கத்துக்காரர்கள் மதுரை ஆஸ்டின்பட்டிக்குப் போவார்கள். 1956இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கி, பாதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் குடிசையிலும் வைத்து ஒரே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வந்த முடிவு உலகத்தையே மாற்றியது: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்குக் கூடுதலாக ஒட்டவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதில் சென்னைக் குடிசைவாசிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது ஆறு மாதம் மாத்திரை, இலவசம்.

இருந்தும் சிலர் முதல் இரண்டு மாதத்திலேயே இறக்கிறார்கள். யார் அவர்கள் என்று முன்கூட்டியே அறிய 2022இல் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. எக்ஸ்ரே இல்லாமல், ரத்தப் பரிசோதனை இல்லாமல், செவிலியரே பார்த்துச் சொல்லிவிடலாம்: உடம்பு எலும்பாக இளைத்திருக்கிறதா, காலில் வீக்கமா, பிடிக்காமல் எழுந்து நிற்க முடியவில்லையா, ஆக்ஸிஜன் 94க்குக் கீழா, மூச்சு 24க்கு மேலா? ஆம் என்றால் உடனே ஆஸ்பத்திரியில் படுக்கை. பாருங்கள், இங்கேயும் மூச்சுக் கணக்கு.

திராட்சைத் தோட்டத்துத் தம்பிகளுக்கு மட்டும் ஒன்று. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடிக்கிறீர்கள். 1969இல் போர்ச்சுகல் மருத்துவர்கள், திராட்சைத் தோட்டத்தில் வருஷக்கணக்காக அதே கலவையை அடித்தவர்களின் நுரையீரலில் செம்பு படிந்து, கட்டி கட்டியாகத் தழும்பு விழுந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால் காசநோய் மாதிரியே தெரியும். இது தொற்றில்லை. ஆனால் இருமலுக்கு டாக்டரிடம் போகும்போது நான் மருந்தடிக்கிற ஆள் என்று நீங்களாகச் சொல்லவேண்டும். அவராகக் கேட்கமாட்டார். துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பில்லை. நனைந்த துண்டு மருந்தை மூக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும். காற்று அடிக்கிற பக்கம் பார்த்து நின்று அடிக்காதீர்கள், சரியான முகக்கவசம் வாங்குங்கள்.

பேசியது போதும். திராட்சைக்குப் பழி சொன்ன ஆத்தா இங்கேதானே இருக்கிறீர்கள்? மடியில் பேரன் தூங்குகிறான். எத்தனை வயது? ஒன்றரை. நல்லது. மெதுவாகச் சட்டையைத் தூக்குங்கள். தம்பி, நீ செல்லில் நிமிடம் பார். மற்றவர்கள் கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள். ஆரம்பிக்கலாம்.

(ஒரு நிமிடம் கூட்டம் அமைதியாக இருந்தது.)

எத்தனை ஆத்தா? இருபத்தெட்டா? நடுவில் விட்டுப்போகவில்லையே? சரி. 40க்கு ரொம்பக் கீழே. சட்டையை இறக்கிவிடுங்கள். ஒலிபெருக்கியை அணைத்துவிடுவோம், பையன் முழித்துக்கொள்வான்.